ஸ்கூட்டரும் மோட்டார் சைக்கிளும்



1970களில் புதுதில்லியில் வாழ்ந்தவர்கள் அனைவருக்கும் ஒரு காட்சி நினைவிருக்கும். மாலையில் அரசாங்க அலுவலகங்கள் கலையும் நேரம். வாயிலில் வரிசையாக நிற்கும் ஸ்கூட்டர்களை அவற்றின் சொந்தக்காரர்கள் ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடிப்பார்கள். பிறகு நிமிர்த்திக் காலால் உதைப்பார்கள். முதல் உதையிலேயே இயந்திரம் உயிர்பெற்றுவிட்டால் முகத்தில் ஒரு மலர்ச்சி. ஐந்தாவது உதையும் பலிக்காவிட்டால் பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு அசட்டுச் சிரிப்பு. இந்த ஆரவாரத்துக்கு இடையே போலீஸ் அதிகாரி ஒருவரின் புல்லட் மோட்டார் சைக்கிள் கனத்த குரலில் தாளமிட்டுக்கொண்டு செல்லும். ஸ்கூட்டர்க்காரர்கள் அனைவரும் ஒரு கணம் அதைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

இரண்டு வாகனங்களுக்கும் சக்கரங்கள் இரண்டுதாம். இரண்டும் உண்பது பெட்ரோலையே. ஆயினும் ஒன்று குடும்பத்துக்கு உரியது, மற்றது காவலுக்கும் வீரத்துக்கும் உரியது என்று நம் நாட்டில் ஒரு பாகுபாடு வேரூன்றியிருந்தது. அது இயற்கையாக அமைந்த பாகுபாடு அன்று. தொழிற்சாலைகளுக்கு வழங்கப்பட்ட உரிமங்களும், நம் சாலைகளும், நாம் உடுத்தும் உடையும் சேர்ந்து உண்டாக்கியது அது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே வீட்டில் இரண்டையும் வைத்திருந்து இரண்டையும் ஓட்டியவன் என்ற உரிமையில் அந்த வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

மோட்டார் சைக்கிள் மூத்தது. மிதிவண்டியில் இயந்திரத்தைப் பொருத்தினால் என்ன என்ற எண்ணத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்தது. ஆதலால் அதன் உருவம் இன்றளவும் மிதிவண்டியின் உருவமே. குதிரையின் மீது அமர்வதுபோல் காலை வீசிப் போட்டு ஏற வேண்டும், இயந்திரம் இரு கால்களுக்கும் நடுவே இருக்கும், சக்கரங்கள் பெரியவை. மேடு பள்ளங்களில் தடுமாறாது. மணலிலும் சேற்றிலும் ஓரளவு சமாளிக்கும்.

ஸ்கூட்டரின் பிறப்பு வேறு வகையானது. இரண்டாம் உலகப் போரில் தோற்ற இத்தாலியில், போர் விமானங்களைச் செய்துவந்த பியாஜியோ நிறுவனத்தின் தொழிற்சாலை குண்டுவீச்சில் நாசமாயிற்று. இனி விமானம் செய்வதற்கும் வழியில்லை. வேலையிழந்த தொழிலாளர்கள் ஒருபுறம். வண்டி வாகனமின்றித் தவித்த மக்கள் மறுபுறம். இந்நிலையில் அந்நிறுவனம் கொர்ராதினோ தஸ்கானியோ என்னும் விமானப் பொறியியலாரிடம் ஒரு மலிவான வாகனம் வேண்டுமென்று கேட்டது. அவருக்கு மோட்டார் சைக்கிள் என்றாலே பிடிக்காது. உடையில் எண்ணெய் படுகிறது, ஏறுவது கடினம், சக்கரத்தைக் கழற்றுவது அதைவிடக் கடினம் என்பன அவர் கண்ட குறைகள். அவற்றுக்கெல்லாம் பரிகாரமாக 1946இல் அவர் உருவாக்கியதே வெஸ்பா. இத்தாலிய மொழியில் அச்சொல்லுக்குக் குளவி என்று பொருள்.

அதில் இயந்திரம் பின்சக்கரத்தின் பக்கத்திலேயே ஒரு மூடிக்குள் அடங்கியது. சங்கிலி இல்லை. விமானத்தின் தரையிறங்கு சக்கரத்தைப்போல முன்சக்கரம் ஒரே பக்கத்தில் தாங்கப்பட்டதால் சில நிமிஷங்களில் கழற்றி மாற்றலாம். கால் வைக்கத் தட்டையான தளம். முன்னே முழங்கால்களை மறைக்கும் தகடு. பாவாடை உடுத்த பெண்ணும் நீண்ட அங்கி அணிந்த பாதிரியாரும் கூச்சமின்றி ஏறி அமரலாம். அடுத்த ஆண்டே, அதாவது 1947இல், மிலான் நகரில் எஃகுக் குழாய்கள் செய்துவந்த இன்னொசென்தி நிறுவனம் லாம்ப்ரெட்டா ஸ்கூட்டரை வெளியிட்டது. இவ்விரு ஸ்கூட்டர்களுமே பின்னர் நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தன.

பஜாஜ் குழுமத்தினர் 1948 முதல் வெஸ்பாவை இறக்குமதி செய்தனர். 1949இல் தோன்றிய ஆட்டோமொபைல் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்னும் நிறுவனம் பம்பாயில் லாம்ப்ரெட்டாவைப் பூட்டி விற்றது. பின்னர் 1959இல் பஜாஜுக்கு இரு சக்கர, மூன்று சக்கர வாகனங்களை இங்கேயே உற்பத்தி செய்ய அரசாங்க உரிமம் கிடைத்தது. வேட்டியும் பைஜாமாவும் புடைவையும் உடுக்கும் நாட்டில், உடை கெடாமல் ஏறி அமரக்கூடிய வாகனம் வேரூன்றியதில் வியப்பில்லை. இத்தாலியப் பாதிரியாரின் அங்கிக்குப் பொருந்தியது காஞ்சிபுரம் பட்டுப் புடைவைக்கும் பொருந்திற்று.

மோட்டார் சைக்கிளின் கதை இங்கிலாந்தில் தொடங்கி நம் தமிழ்நாட்டுக் கடற்கரையில் தொடர்கிறது. ரெட்டிச் என்பது ஊசி செய்வதற்குப் பெயர்பெற்ற ஆங்கிலேயச் சிற்றூர். அங்கே ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1901 முதல் மோட்டார் சைக்கிள்களைச் செய்துவந்தது. 1950களின் தொடக்கத்தில் இந்திய ராணுவத்துக்கும் போலீசுக்கும், முக்கியமாக எல்லைக் காவலுக்கு, உறுதியான மோட்டார் சைக்கிள்கள் தேவைப்பட்டன. 350 சி.சி. புல்லட் தேர்ந்தெடுக்கப்பட்டது, 800 வண்டிகளுக்கு உத்தரவு சென்றது. இதன் தொடர்ச்சியாக 1955இல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் கூடி என்ஃபீல்டு இந்தியா என்ற கம்பெனியைத் தோற்றுவித்தன. அதன் ஆலை எழுந்த இடம் திருவொற்றியூர்.

தியாகராசர் கோயிலாலும் பட்டினத்தடிகளின் சமாதியாலும் நாம் அறிந்த அந்தத் தலம், புல்லட்டின் பிறந்தகமும் ஆயிற்று. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பின்னர் பாகங்களையே இங்குச் செய்தார்கள். காலம் செய்த விந்தையைப் பாருங்கள்: 1967இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. திருவொற்றியூர் ஆலை மூடவில்லை. 1977இல் அது தன் புல்லட்டுகளை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்யத் தொடங்கிற்று. ராஜஸ்தானத்து மணலிலும் பஞ்சாபின் வயல் வரப்புகளிலும் நம்மவர்கள் அன்று கண்ட புல்லட்டுகள் யாவும் சென்னைக்கு வடக்கே கடற்காற்றில் செய்யப்பட்டவை. வேற்று மாநிலத்தில் வாழும் தமிழனுக்கு அதைக் கேட்கையில் ஒரு சிறு பெருமிதம் தோன்றுவது இயல்பே.

மைசூரிலும் ஒரு மோட்டார் சைக்கிள் ஆலை எழுந்தது. செக்கோஸ்லோவாகிய நாட்டின் உரிமத்தோடு ஐடியல் ஜாவா நிறுவனம் 1961 முதல் ஜாவா வண்டிகளைச் செய்தது. 1970களில் அதற்கு யெஸ்டி என்ற பெயர் ஏற்பட்டது. அந்த வண்டியில் உதைத்துக் கிளப்பும் கோலும் கியர் மாற்றும் கோலும் ஒன்றே. வண்டி கிளம்பியதும் அதை முன்னே மடித்தால் அதுவே கியராகிவிடும். புதிதாகப் பார்ப்பவர் உதைக்கும் கோலைத் தேடித் திகைப்பார். வடக்கே ஃபரிதாபாத்தில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் போலந்து நாட்டு வண்டி ஒன்றைத் தழுவி 1962 முதல் ராஜ்தூத்தைச் செய்தது. இருபுறமும் பால் பாத்திரங்களைத் தொங்கவிட்டுக்கொண்டு விடியற்காலையில் தில்லிக்குள் நுழையும் பால்காரர்களின் வாகனமாக அது விளங்கிற்று.

இவ்வாறு சில ஆலைகள் இருந்தும், விரும்பியவருக்கு விரும்பிய வண்டி கிடைக்கவில்லை. எத்தனை வண்டிகள் செய்யலாம் என்பதை உரிமம் வரையறுத்தது. யாருக்கு விற்கலாம், எந்த முறைப்படி விற்கலாம் என்பதை 1960ஆம் ஆண்டின் ஸ்கூட்டர் விநியோகக் கட்டுப்பாட்டு ஆணை வரையறுத்தது. அரசாங்க ஊழியருக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. ஏனையோர் முன்பணம் கட்டிப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வெஸ்பாவின் இத்தாலிய உரிமம் 1971இல் முடிவுற்றதும், மறு ஆண்டு பஜாஜ் தன் சொந்தப் பெயரில் சேத்தக் என்ற ஸ்கூட்டரை வெளியிட்டது. மகாராணா பிரதாபனின் போர்க்குதிரை சேத்தக்கின் பெயர் அது. அந்தக் குதிரையை வாங்கப் பதிந்தவர்களில் சிலர் பத்து ஆண்டுகள்வரை காத்திருந்தார்கள்.

இந்தத் தட்டுப்பாடு மனிதர்களின் வாழ்வை எவ்வளவு தூரம் மாற்றிற்று என்பதை இன்றைய இளைஞர் நம்ப மாட்டார். கட்டுப்பாட்டு விலைக்கு வாங்கிய புது ஸ்கூட்டரை மறுநாளே கூடுதல் விலைக்கு விற்கலாம். பெண்ணுக்குத் திருமணம் பேசும்போது ஸ்கூட்டர் சீதனப் பட்டியலில் ஏறிற்று. பெண் குழந்தை பிறந்தவுடனேயே ஸ்கூட்டருக்குப் பெயர் பதிந்துவைத்த தகப்பனார் ஒருவரை நான் அறிவேன். இதைச் சிரித்துக்கொண்டு சொல்லலாம். ஆனால் ஸ்கூட்டர் தர இயலாததால் மாமியார் வீட்டில் சொல்லடி பட்ட பெண்களுக்கு அது சிரிப்புக்குரிய செய்தி அன்று.

நான் 1969இல் உத்தியோகத்தின் பொருட்டுத் தில்லிக்கு வந்தேன். கரோல் பாகில் ஒரு மாடி அறையில் குடியிருந்தேன். 1971இல் ஸ்கூட்டருக்குப் பெயர் பதிந்தேன். அது 1978இல் கைக்கு வந்தது. இடையில் எனக்குத் திருமணமாகி இரண்டு குழந்தைகளும் பிறந்துவிட்டன. காத்திருக்கப் பொறுக்காமல் 1975இல் ராணுவத்தார் கழித்துவிட்ட ஒரு பழைய புல்லட்டை ஏலத்தில் எடுத்தவரிடமிருந்து வாங்கினேன். ஆகவே ஸ்கூட்டர் வருமுன் மோட்டார் சைக்கிள் வந்தது. ஸ்கூட்டர் வந்த பின்னும் அதை விற்க மனம் வரவில்லை. இரண்டுக்கும் உரியவனானது இவ்வாறுதான், செல்வத்தால் அன்று.

இரண்டும் வீட்டில் வந்தபின் வேலைகள் தாமாகவே பிரிந்துகொண்டன. காய்கறிச் சந்தைக்கும், அலுவலகத்துக்கும், ஞாயிற்றுக்கிழமை மாலையில் குடும்பத்தோடு கோயிலுக்கும் ஸ்கூட்டர். மூத்தவன் முன்னே தளத்தில் நிற்பான், நான் ஓட்டுவேன், பின்னால் என் மனைவி பக்கவாட்டில் அமர்ந்து சின்னவளை மடியில் வைத்திருப்பாள். நால்வரும் தேங்காய்ப் பழப் பையும் ஏறக்குறைய நூறு கிலோ எடையுள்ள அந்த வண்டியில் அடக்கம். ஊரிலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், உற்றார் உறவினர் ஒருவருமின்றி வாழ்பவனுக்கு ஸ்கூட்டர் ஓர் உறவினனாகவே ஆயிற்று. நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கதவைத் தட்ட அண்ணனோ மாமனோ இல்லை. கூடத்தில் நின்ற ஸ்கூட்டர் இருந்தது.

நீண்ட பயணத்துக்கும் குளிர்காலத்து நெடுஞ்சாலைக்கும் புல்லட். ஸ்கூட்டரின் சிறு சக்கரங்கள் குழியில் விழுந்தால் முதுகெலும்புக்குச் செய்தி போகும். மழையில் நனைந்த சாலையில் சற்றே வழுக்கவும் செய்யும். இயந்திரம் வலப்புறம் இருப்பதால் கனம் ஒரு பக்கமாக இழுப்பதுபோலும் தோன்றும். புல்லட்டுக்கு அந்தக் குறைகள் இல்லை. நூற்றறுபது கிலோவுக்கு மேற்பட்ட அதன் கனமே அதற்கு உறுதி. ஆனால் அந்தக் கனத்தைக் குறுகிய சந்துக்குள் தள்ளித் திருப்பும்போதுதான் ஸ்கூட்டரின் அருமை விளங்கும். ஸ்கூட்டரில் பெட்ரோலோடு எண்ணெயையும் அளந்து கலக்க வேண்டும். மறந்தால் இயந்திரம் இறுகிவிடும். அளவு மிஞ்சினால் பின்னால் வருபவர் புகையில் மூழ்குவார். புல்லட்டுக்கு எண்ணெய் தனி. அது அந்த எண்ணெயைத் தரையிலும் சிறிது சிந்தும்.

பிரிவினையின்போது பஞ்சாபிலிருந்து வந்து கரோல் பாகில் பட்டறை வைத்திருந்த ஒரு சர்தார்ஜியே இரண்டுக்கும் வைத்தியர். "மதராஸி பாபுஜி, ஸ்கூட்டர் கோபித்தால் பிளக்கைத் துடையுங்கள், புல்லட் கோபித்தால் அதைத் தனியே விட்டுவிட்டுத் தேநீர் குடியுங்கள்" என்பார். என் ஹிந்தி வளர்ந்தது அந்தப் பட்டறையில்தான். அவரும் "கொஞ்சம் பொறு" என்ற இரண்டு தமிழ்ச் சொற்களைக் கற்றுக்கொண்டு, வண்டி தயாராகாத நாள்களிலெல்லாம் அவற்றைப் பயன்படுத்தினார்.

இரண்டையும் ஓட்டுபவனுக்கு ஓர் அபாயம் உண்டு. அதை நான் வலியோடு கற்றேன். ஸ்கூட்டரில் பின் பிரேக் வலக்காலில், கியர் இடக்கையில். பழைய ஆங்கிலேய வழக்கத்தைப் பின்பற்றிய அக்காலப் புல்லட்டிலோ கியர் வலக்காலில்; பிரேக் இடக்காலில். 1980இல் ஒரு நாள். ஒரு வாரம் முழுதும் ஸ்கூட்டரில் சென்றவன் அன்று புல்லட்டை எடுத்தேன். சாலையின் குறுக்கே மிதிவண்டியில் ஒரு பள்ளிச் சிறுவன் திடீரென்று வந்தான். என் வலக்கால் பழக்கத்தால் ஓங்கி மிதித்தது. கியர் மேலே ஏறிற்றே தவிர வண்டி நிற்கவில்லை. கைப் பிரேக்கை இறுகப் பிடித்து வண்டியை ஒருபுறம் வெட்டினேன். சிறுவன் தப்பினான், நான் விழுந்தேன். மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் கட்டோடு இருந்தேன். குற்றம் வண்டியினுடையது அன்று, என் காலினுடையது. அச்சம் வரும்போது அறிவு செல்வதற்குமுன் பழக்கம் சென்றுவிடுகிறது. அன்று முதல் புல்லட்டில் ஏறியதும், கிளப்புமுன் இடக்காலால் இரு முறை பிரேக்கை மிதித்துப் பார்ப்பதை ஒரு விரதமாகவே கொண்டேன். அடுத்த மாதத்திலேயே தலைக்கவசமும் வாங்கினேன்.

எனக்கு மட்டும் வாங்கினேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பின்னால் அமர்ந்த மனைவிக்கோ முன்னால் நின்ற மகனுக்கோ வாங்க வேண்டும் என்று அன்று எவருக்கும் தோன்றவில்லை. புடைவைத் தலைப்பு சக்கரத்தில் சிக்காமல் இருக்கக் காப்பு வேண்டும் என்பதை 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் எழுதிவைத்தன. ஆனால் தில்லியில் பெண்கள் தலைக்கவசம் அணிவது கட்டாயம் என்று, சீக்கியப் பெண்கள் நீங்கலாக, விதி திருத்தப்பட்டது 2014இல்தான். புடைவைக்குத் தந்த கவனத்தைத் தலைக்குத் தர இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின. 2022இல் இந்தியச் சாலைகளில் மாண்டவர் 1,68,000க்கும் மேற்பட்டோர். அவர்களுள் நூற்றுக்கு 44 பேர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். ஸ்கூட்டரில் நால்வராகச் சென்ற அந்தப் படத்தை நாம் அன்போடு நினைக்கிறோம், நினைக்கலாம். நாங்கள் தப்பிப் பிழைத்தது திறமையால் அன்று, பெரும்பாலும் தெய்வாதீனம் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

1980களின் நடுவில் காற்று மாறிற்று. அயல்நாட்டுக் கூட்டுறவுக்குக் கதவு திறந்தது. ஜப்பானிய நிறுவனங்கள் இந்திய நிறுவனங்களோடு கைகோத்து வந்தன. ஹோசூரில் டி.வி.எஸ். நிறுவனம் சுசூகியுடன் சேர்ந்தது. 1985இல் ஹீரோ ஹோண்டாவின் நூறு சி.சி. மோட்டார் சைக்கிள் வெளிவந்தது. எண்ணெய் கலக்க வேண்டாம், புகை இல்லை, ஒரு லிட்டரில் ஸ்கூட்டரைவிட வெகுதூரம் ஓடும். வீரர்க்கும் காவலர்க்கும் உரியது என்றிருந்த மோட்டார் சைக்கிள், கணக்குப் பார்க்கும் எழுத்தர்க்கும் சிறு வியாபாரிக்கும் உரியதாயிற்று. காத்திருப்போர் பட்டியல் மறைந்தது. 1990களின் இறுதியில் விற்பனையில் மோட்டார் சைக்கிள் ஸ்கூட்டரை முந்திற்று. 2000த்துக்குப் பின் சில ஆண்டுகளில் பழைய சேத்தக்கின் உற்பத்தியும் நின்றது.

ஸ்கூட்டரின் கதை அதோடு முடிந்தது என்றே பலர் எழுதினார்கள். ஆனால் அது வேறொரு கைக்கு மாறிற்று. கியர் மாற்றத் தேவையில்லாத, பொத்தானை அழுத்தினால் கிளம்பும் ஸ்கூட்டர்களை 1980களில் கைனெடிக் ஹோண்டா அறிமுகப்படுத்தியது. 1990களில் டி.வி.எஸ். ஸ்கூட்டி வந்தது, 2001இல் ஹோண்டா ஆக்டிவா வந்தது. உதைக்க வேண்டாம், சாய்க்க வேண்டாம். கல்லூரி மாணவியும், ஆசிரியையும், செவிலியும் யாரையும் எதிர்பாராமல் தாமே புறப்பட்டார்கள். அரை நூற்றாண்டுக் காலம் பின்னிருக்கையில் பக்கவாட்டில் அமர்ந்திருந்தவள் முன்னிருக்கைக்கு வந்தாள். மடியில் உறங்கிக்கொண்டு கோயிலுக்கு வந்த என் மகளே தன் முதற் சம்பளத்தில் ஒரு ஸ்கூட்டர் வாங்கினாள். அதன் பின்னால் என் மனைவி, முதன்முறையாகத் தலைக்கவசம் அணிந்து, இருபுறமும் கால் போட்டு அமர்ந்து சென்றாள். குடும்ப வாகனம் என்று சொல்லிச் சொல்லி ஆடவர் கையிலேயே இருந்த ஒன்று, அன்றுதான் குடும்பத்தில் எல்லாருக்கும் உரியதாயிற்று என்று எனக்குப் பட்டது.

தலைநகரில் காற்று மாசுபட்டதன் காரணமாகப் பதினைந்து ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் வாகனங்கள் அங்கே ஓடலாகாது என்று தீர்ப்பாயம் பிறப்பித்த தடையை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதி செய்தது. புகை கக்கிய என் சேத்தக்கை அதற்கு முன்பே பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டேன். புல்லட்டை அவ்வாறு கொடுக்க இயலவில்லை. ஆட்சேபமின்மைச் சான்று பெற்று, தொட்டியிலிருந்த பெட்ரோலை வடித்து, சாக்கும் வைக்கோலும் சுற்றித் தைத்து, ரயில் பார்சலில் சென்னைக்கு அனுப்பினேன். எல்லைக் காவலுக்கென்று திருவொற்றியூரிலிருந்து வடக்கே சென்ற வண்டி, அரை நூற்றாண்டு கழித்து அதே கடற்கரைக்குத் திரும்பிற்று.

சாக்கைப் பிரித்ததும் என் அண்ணன் மகன் ஆவலோடு ஏறி அமர்ந்தான். புதிய மோட்டார் சைக்கிள்களில் பழகியவன் அவன். அவற்றில் பிரேக் வலக்காலில் இருக்கிறது. "சித்தப்பா, ஒரு சுற்றுப் போய் வரட்டுமா?" என்று கேட்டான். "கொஞ்சம் பொறு" என்றேன். தலைக்கவசத்தை அவனிடம் கொடுத்து, அருகில் குந்தி அமர்ந்து, அவனுடைய இடக்காலைப் பிடித்துப் பிரேக்கின்மீது வைத்தேன். இரு முறை மிதிக்கச் சொன்னேன். பிறகே சாவியைக் கொடுத்தேன்.